பிரிட்டன் நாடாளுமன்ற மனுத் தளம்: கையெழுத்து சேரும், செல்வாக்கு சேருமா?

அரசின் முடிவுகளை மாற்ற முயலும் அழுத்தக் குழுக்களை நடத்துகிறவர்களுக்கு, இணையத்தில் மனுவுக்குக் கையெழுத்துத் திரட்டும் இந்தத் தளத்தைவிட மலிவான கருவி கிடையாது, கட்டணமே இல்லை. இப்போதைய வடிவில் 2015 முதல் இயங்குகிறது. மனு எழுதியவர் தவிர 5 பேர் ஆதரித்தால்தான் அது பரிசீலனைக்கே போகும். 10,000 கையெழுத்துக்கு அரசு பதில் எழுதும். 1 லட்சம் வந்தால் விவாதத்துக்கு எடுக்கலாமா என்று எம்.பி.க்கள் அடங்கிய மனுக் குழு பார்க்கும். ஆயுள் 6 மாதம்.

சறுக்கல்கள் தொடக்கத்திலேயே. உள்ளூராட்சி கவனிக்கும் விஷயம், ஏற்கெனவே ஓடும் மனுவின் நகல் இரண்டும் நிராகரிக்கப்படும். கையெழுத்துச் சேரத் தொடங்கியபின் வாசகத்தைத் திருத்த முடியாது. மின்னஞ்சலில் வரும் இணைப்பைச் சொடுக்காதவரின் கையெழுத்து கணக்கில் ஏறாது. பிரசாரத்தில் இதைச் சொல்ல மறப்பவர்கள்தான் அதிகம்.

எண்ணிக்கையை நம்பி ஏமாறக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் முடிவை (பிரெக்சிட்) கைவிடக் கோரிய 2019 மனுவுக்கு 61 லட்சம் கையெழுத்து வந்தது, கூட்டம் தாங்காமல் தளமே முடங்கியது. விவாதமும் நடந்தது, அரசு அசையவில்லை. இந்த விவாதங்கள் பெரும்பாலும் பிரதான அவையில் அல்ல, நாடாளுமன்ற வளாகத்திலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் நடப்பவை. கோரிக்கைமீது அங்கே வாக்கெடுப்பு கிடையாது.

மாறாக, 2020 இல் பள்ளிக் குழந்தைகளின் உணவுக்காகக் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் தொடங்கிய மனு 10 லட்சம் தாண்டியது. அக்டோபரில் அவையில் தோற்ற கோரிக்கைக்கு நவம்பரில் 17 கோடி பவுண்ட் குளிர்கால நிதி வந்தது. அங்கே மனு தனியாக நிற்கவில்லை; ஊடகம், உள்ளாட்சிகள், ஆளுங்கட்சி எம்.பி.க்களின் சங்கடம் எல்லாம் சேர்ந்து தள்ளின.

உண்மையில் இந்தத் தளத்தின் சிறந்த பகுதி தொகுதிவாரி வரைபடம். எந்தத் தொகுதியில் எத்தனை பேர் என்று காட்டும், தரவையும் இறக்கிக்கொள்ளலாம். குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்ற எம்.பி.யிடம் அந்த எண்ணைக் கொண்டுபோனால் 1 லட்சத்தைவிட அதிகம் உறைக்கும். சட்ட வரைவிலேயே ஆலோசனை கேட்கப்படும் விவசாயிகள் சங்கம், மருத்துவர் சங்கம் போன்ற உள்வட்டக் குழுக்களுக்கு இது தேவையே இல்லை. வெளிவட்டக் குழுக்களுக்குக் குரல் கூடியிருக்கிறது, பிடி கூடவில்லை.

தேர்தல் நெருங்கும்போது தொடங்காதீர்கள். 2024 மே 30 அன்று நாடாளுமன்றம் கலைந்ததும், திறந்திருந்த மனுக்கள் அத்தனையும் மூடப்பட்டன.