மதுரை வெயிலில் ஒரு ஜோடி லெதர் ஷூ: 2018 முதல் இன்று வரை

மெடிக்கல் ரெப் வேலையில் லெதர் ஷூ தவிர்க்க முடியாத செலவு. அண்ணா நகர், கே.கே. நகர் கிளினிக்குகள், அப்புறம் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று பைக்கிலேயே ஓடுகிற பிழைப்பு என்னுடையது. 2018-ல் ஆம்பூரில் தயாரான, டெர்பி எனப்படும் கறுப்பு லேஸ் ஷூ ஒன்று வாங்கினேன். அசல் தோல், ரப்பர் சோல், ஓரம் சுற்றித் தையல் போட்டது. இன்றைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் அதில்தான் டாக்டர்களைப் பார்க்கப் போகிறேன். இடைப்பட்ட நாளுக்கு ஒரு பிரவுன் ஜோடி இருக்கிறது. யார் கேட்டாலும் முதலில் நான் சொல்வது ஒன்றுதான்: பாலிஷைக் குறையுங்கள், பிரஷைக் கூட்டுங்கள்.

காரணம் நம் ஊர்த் தூசி. மேலூர் ரோட்டில் போய்விட்டு வந்தால் ஷூவின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கும். விரல் மடங்குகிற இடத்தில் தோலில் நாலைந்து மடிப்பு விழும் இல்லையா, தூசி அங்கேதான் போய் உட்காரும். நடக்க நடக்க அந்த மடிப்புகள் மூடித் திறக்கும். தூசி தோலை உரசிக்கொண்டே இருக்கும். அதன் மேலேயே பாலிஷைத் தடவினால் தூசியும் மெழுகும் குழைந்து களிம்பாகி உள்ளேயே இறுகிவிடும்.

மேல வெளி வீதியில், ரயில் நிலையம் பக்கம் உட்காரும் ஒரு அண்ணனிடம்தான் எங்கள் குரூப்பில் பலரும் ஷூ தைக்கக் கொடுப்போம். ஒருமுறை நண்பர் ஒருவர், தோல் வெடித்துவிட்டது என்று தன் ஷூவைக் கொண்டுபோய்க் காட்டினார். அந்த அண்ணன் கட்டைவிரல் நகத்தால் மடிப்பை லேசாகச் சுரண்டினார். கறுப்புச் செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் தோல் முழுசாக இருந்தது. "தோல் போகல சார், மெழுகுதான் வெடிச்சிருக்கு. தினம் பூசாதீங்கன்னா யாரு கேக்குறீங்க?" என்றார். அது முழுக்க முழுக்க உண்மை. டப்பாவில் வரும் செர்ரி பிளாசம், கிவி மாதிரியான மெழுகு பாலிஷ் பளபளப்புக்கும் தண்ணீர் ஒட்டாமல் இருப்பதற்கும்தான். தோலுக்கு எண்ணெய்ப் பசை கொடுப்பது கிரீம் பாலிஷ்.

ஆகவே என் வழக்கம் இப்படி. வீட்டுக்கு வந்ததும், ஷூவைக் கழற்றிய கையோடு குதிரைமுடி பிரஷால் ஒரு நிமிஷம் தட்டித் துடைப்பேன். துணியை முதலில் எடுக்கவே கூடாது, தூசியை அது தோலிலேயே இழுத்துத் தேய்க்கும். தையல் ஓரத்துக்குப் பழைய டூத் பிரஷ். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, பட்டாணி அளவு கிரீமைப் பனியன் துணியில் எடுத்துத் தடவி, பத்து நிமிஷம் கழித்து பிரஷ் போடுவேன். மெழுகு பாலிஷ் மூக்குப் பகுதிக்கும் குதிகாலுக்கும் மட்டும், ஏனென்றால் அவை மடங்காத இடங்கள். மீட்டிங் இருந்தால் மூக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மெல்லிய துணியால் வட்டமாகத் தேய்த்தால் நல்ல பளபளப்பு வரும். ஸ்பாஞ்ச் வைத்த திரவ பாலிஷை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவசரத்துக்கு மின்னும், ஆனால் மேலே பிளாஸ்டிக் மாதிரி ஒரு படலம் விட்டுவிட்டுப் போகும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். தோலைக் கருக்க வைக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும், எண்ணெய்ப் பிசுக்கில் தூசி இன்னும் நன்றாக ஒட்டும்.

பைக் ஓட்டுபவர்களுக்கு மட்டும் வரும் பிரச்சினை ஒன்று உண்டு: இடதுகால் ஷூ. லிவரைக் காலால் தூக்கி கியர் ஏற்றும் வண்டி என்றால், பெருவிரலுக்கு மேலே நிறம் தேய்ந்து ஒரு வெள்ளைத் தழும்பு விழுந்தே தீரும். எங்கள் ஆட்களை இந்தத் தழும்பை வைத்தே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். லிவர் ரப்பர் தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள், மிகச் சின்னச் செலவு. ஷூ மேல் மாட்டும் ரப்பர் உறை ஆன்லைனில் கிடைக்கிறது, வெளியூர் போகும் நாளில் அதைப் போட்டுக்கொள்வேன். நிறம் போன இடத்துக்குக் கறுப்பு கிரீம்தான் சரி. நிறமில்லாத நியூட்ரல் கிரீம் போட்டால் தழும்பு அப்படியே தெரியும்.

அதைவிடப் பெரிய சேதம் குதிகாலில். வீட்டு வாசல், கோயில், காலணியை வெளியே விடச் சொல்லும் கிளினிக் என்று ஒரு நாளில் நாம் கழற்றி மாட்டுவதற்குக் கணக்கே இல்லை. அவசரத்தில் லேஸை அவிழ்க்காமல் பின்பக்கத்தை மிதித்தபடி காலை நுழைத்தால், குதிகாலைத் தாங்கும் உள்ளட்டை ஒடிந்துவிடும். ஒடிந்தால் அதை நிமிர்த்துவது பெரிய வேலை, பலர் ஷூவையே தூக்கிப் போடுவது இதனால்தான். குதிகாலை வழுக்கி உள்ளே இறக்கும் சின்ன ஷூ ஹார்ன் ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். அது இல்லாத நாளில் ஸ்பூனின் காம்பும் உதவும். இந்த ஷூவின் பின்பக்கம் இன்றும் விறைப்பாக நிற்பதற்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஐப்பசி மழையில் நனைந்துவிட்டால் பதற வேண்டாம். ஷூ மேல்பகுதிக்கு இன்று வரும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பால் பதனிட்டது. ஆவாரம்பட்டையால் பதனிட்ட நம் பழைய தோலைவிட அது நனைவதையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஆனாலும் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசை வற்றித் தோல் விறைத்துவிடும். லேஸைக் கழற்றி, சேற்றைத் துடைத்து, உள்ளே தினத்தாளைச் சுருட்டித் திணித்து, சோலிலும் காற்றுப் படும்படி ஒருக்களித்து ஃபேனுக்கு அடியில் வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்ற வேண்டும். காய்ந்தபின் வெள்ளை உப்புக் கோடு தெரிந்தால், வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியால் ஒற்றி எடுத்தால் போய்விடும். பிறகு கிரீம். கார்த்திகை முடியும்வரை ஷூவைப் பெட்டியில் மூடி வைக்காமல் இருந்தால் பூஞ்சையும் பெரும்பாலும் எட்டிப் பார்க்காது.

புதிதாக வாங்குவோர் சோலையும் பாருங்கள். 2020 ஊரடங்கில் பெட்டிக்குள்ளேயே கிடந்த ஷூவை, மறுபடி வேலை தொடங்கியதும் எடுத்து மாட்டினார் சக ரெப் ஒருவர். பெரியார் பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேர்வதற்குள் சோல் துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. அது பி.யூ. (பாலியூரித்தேன்) சோல். காற்றிலிருக்கும் ஈரம் அந்தப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும், சும்மா வைத்திருந்தாலும் சிதையும். தையல் போட்ட ரப்பர் சோலுக்கு விலை கூடுதல்தான், ஆனால் தேய்ந்தால் மாற்றலாம். என்னுடையதில் சோல் ஒருமுறை மாற்றியாயிற்று. மேல் தோலில் மடிப்புகள் ஆழமாகியிருக்கின்றன, விரிசல் இல்லை. உள் லைனிங் வலதுகால் குதிகாலில் மட்டும் கிழிந்திருக்கிறது. அதற்கு ஒரு தோல் ஒட்டுப் போட, வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணனிடம் கொடுக்க வேண்டும்.