மொட்டைமாடி சோலார்: இபி லைனோடு சேர்ப்பதா, பேட்டரியில் தேக்குவதா?

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சோலார் ஏறி இரண்டு வருடம் ஆகப் போகிறது. அதே சமயத்தில் மேலூரில் அக்கா வீட்டிலும் போட்டார்கள். இரண்டு வீட்டிலும் 2 கிலோவாட்தான், பேனலும் ஒரே மாதிரிதான். நான் போட்டது ஆன்கிரிட். பகலில் வீட்டுக்குப் போக மிஞ்சிய கரண்ட் இபி லைனுக்குப் போய்விடும், இரவில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். மச்சான் போட்டது ஆஃப்கிரிட். லைனோடு சேர்க்காமல் நான்கு பேட்டரியில் தேக்குவது. எது நல்லது என்று உறவில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். நான் ஆன்கிரிட் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொதுவான விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி இடம் வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 டிகிரியில் இருப்பதால் பேனலைத் தெற்குப் பார்த்து லேசாகச் சாய்த்தால் போதும். சித்திரை வெயிலில்தான் கரண்ட் அதிகம் வரும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3, 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். எங்களுக்கு மாசி, பங்குனியில்தான் அதிகம் வந்தது.

டேங்க் நிழலையும் பார்க்க வேண்டும். நம் பக்கம் கன்னி மூலையில்தான் டேங்க் வைப்போம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது, மதியத்துக்கு மேல் அந்த நிழல் மாடியின் குறுக்கே நீளமாக விழும். வரிசையில் ஒரு பேனல் மறைந்தாலும் உற்பத்தி இறங்கிவிடும்.

பணக் கணக்கில் ஆன்கிரிட்டுக்கு இரண்டு வசதி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம் உண்டு. லைனோடு இணைக்காத அமைப்புக்கு அது கிடையாது, அதனால் மச்சானுக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்று நம் இபி கட்டணத்தின் அமைப்பு. இரண்டு மாதத்துக்கு முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம், அடுத்து வருவது மலிவு, 500-ஐத் தாண்டினால் யூனிட் 8 ரூபாய்க்கு மேல். கோடையில் ஏசி ஓடி எங்களுக்கு 600-ஐத் தாண்டும். சோலார் வந்ததும் மேலே இருக்கிற விலை கூடிய யூனிட்டுகள்தான் முதலில் கழிகின்றன. 3 கிலோவாட் போடச் சொன்னார்கள். கீழே இருக்கிற மலிவு யூனிட்டைக் கழிக்க இன்னொரு கிலோவாட் எதற்கு என்று 2-லேயே நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது மானியம் இல்லை, பேட்டரியின் பராமரிப்பு.

2012-ல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் எங்கள் மாடிப்படிக்கு அடியில் இன்னும் இருக்கிறது. அதற்கு மூன்றாவது பேட்டரி ஓடுகிறது. அதோடு பழகியவர்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சிவப்பு மிதவை கீழே இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருக்கும். கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, வாசலின் தடவி மாட்ட வேண்டும். ஒரு கோடை மறந்தால் ஆயுளில் ஒரு வருடம் போச்சு. இது ஒரு பேட்டரிக்கு. மச்சான் வீட்டில் நான்கு, அதுவும் வரிசையாகக் கோத்தவை. ஒன்று வலுவிழந்தால் மற்ற மூன்றையும் இழுத்துவிடும். பழையதோடு புதியதைக் கோக்கக் கூடாது என்பதால் மாற்றும்போது நான்கையும் மாற்ற வேண்டும். ஒன்று பதினைந்தாயிரம் என்றால் 60,000 ரூபாய். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்து வருடம் வரும், அதாவது வருடத்துக்கு 12,000.

அத்தனை செலவழித்துத் தேக்குவது எவ்வளவு? 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் இருக்கும். ஆயுள் கெடாமல் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். நான்கும் சேர்ந்து நாலு யூனிட்கூட இல்லை. ஒரு டன் ஏசி இரவு முழுக்க ஓட ஐந்தாறு யூனிட் வேண்டும். எனக்கு லைனுக்குப் போன யூனிட் அப்படியே கணக்கில் திரும்புகிறது. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, எதுவும் தேய்வதில்லை.

ஆன்கிரிட்டின் குறையையும் மறைக்கவில்லை. லைனில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்ப்பவர் மேல் நம் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மாதாந்திரப் பராமரிப்பு நாளில், சுள்ளென்று வெயில் அடிக்கும்போது, காலையிலிருந்து சாயங்காலம் வரை பேனல் சும்மா கிடக்கும். "என்ன மாப்ள, தலைக்கு மேல கரண்ட வச்சுக்கிட்டு விசிறியோட உக்காந்திருக்க?" என்று மச்சான் அப்படி ஒரு நாளில்தான் கேட்டார். கணக்குப் பார்த்தேன். ஒரு நாளில் போவது 8 யூனிட், வருடத்துக்கு 96. யூனிட் 8 ரூபாய் என்றாலும் 800 ரூபாய்க்குள். இடையில் போகும் கரண்டுக்கு இரு மடங்கு வைத்தாலும் 12,000-க்குப் பக்கத்தில் வராது. அந்த நேரத்துக்கு ஃபேனையும் லைட்டையும் படிக்கட்டு இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்கிறது.

பேனலைக் கழுவும் வேலை இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். போர் தண்ணீரில் கழுவினால் உப்புத் திட்டு படிந்துவிடும், குழாய்த் தண்ணீர்தான் நல்லது. விடிவதற்குள் முடித்துவிட வேண்டும். சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். ஆடிக் காற்றில் வாரம் ஒருமுறை, மற்ற நாளில் மாதம் இருமுறை கழுவுகிறேன். பேனலை ஆளுயரத்துக்கு மேல் தூக்கிப் போட்டதால் அதற்குக் கீழேதான் அம்மா துணி காயப் போடுகிறார்கள். அந்த நிழலால் கீழே இருக்கும் படுக்கையறையும் கொஞ்சம் குளிர்ந்திருக்கிறது.

அக்கா வீட்டு நிலைமை வேறு. அவர்கள் தெருவில் பகலில் அடிக்கடி கரண்ட் போகும். அக்காவுக்குத் தையல்தான் வருமானம், மெஷின் நின்றால் அன்றைய கூலி போச்சு. அவர்களுக்கு பேட்டரி சரிதான். ஆனால் முழு ஆஃப்கிரிட்டுக்குப் பதில், லைனிலும் சேர்ந்து சின்ன பேட்டரியும் வைத்த ஹைபிரிட் போட்டிருக்கலாம் என்பேன். லித்தியம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, பத்து வருடம் வரும் என்கிறார்கள். நான் வைத்துப் பார்த்ததில்லை, மதுரை வெயிலில் படிக்கட்டுக்கு அடியில் எப்படி உழைக்கும் என்று என் வாயால் சொல்ல முடியாது. இப்போது இருக்கும் பேட்டரி போனதும் ஒன்று வாங்கி அந்தப் பழைய இடத்திலேயே வைத்துப் பார்ப்பதாக இருக்கிறேன். மச்சானும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த நான்கை வாங்குவாராம்.