‘உங்க நாக்குக்குப் பழக்கம் பத்தலை சார்’ என்பார்கள், உஷார்

கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் பக்கம் சீனத் தேயிலை வாங்கிக் குடிக்கிறவர்கள் இப்போது கொஞ்சம் பேர் சேர்ந்துவிட்டோம். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ‘ஸ்பெஷாலிட்டி டீ’ என்று இன்ஸ்டாகிராமில் கடை போட்டு, வாட்ஸ்அப்பில் பேரம் பேசி விற்கும் ஒரு வியாபாரி என்னிடம் 11,100 ரூபாய் வாங்கிக்கொண்டு குப்பையை அனுப்பியிருக்கிறார். புகார் நடப்பதால் பெயரைப் போடவில்லை. அவர் பேசுகிற தினுசைச் சொன்னாலே, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஆள் யாரென்று புரிந்துவிடும்.

வித்தை சாம்பிளில் ஆரம்பிக்கிறது. ‘குடிச்சுப் பாருங்க, பிடிச்சா மட்டும் சொல்லுங்க’ என்று சின்னப் பொட்டலம் ஒன்று வரும். அது நிஜமாகவே நல்ல சரக்கு. கறுஞ்சிவப்பாக, கலங்கல் இல்லாத சாறு; கசப்பே தெரியாமல் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். பூ-அர் என்கிற வகை அது. யுன்னான் மாகாணத்துப் பெரிய இலையை ஆவியில் இளக்கி வட்டாக அழுத்திவைப்பார்கள். ஒரு வட்டு வழக்கமாக 357 கிராம். ‘1968-ஆம் வருஷத்து ஷோ பூ-அர், அசல் யுன்னான், 6,500 ரூபாய்’ என்றார். கூடவே மல்லிகைப்பூ மணம் ஏற்றிய மல்லி டீ 100 கிராம் 2,200, லோங்ஜிங் பச்சைத் தேயிலை 50 கிராம் 2,400. முழுப் பணமும் முன்னாலேயே ஜிபேயில் போட வேண்டும்.

வந்த வட்டைப் பிரித்ததும் அழகாகத்தான் இருந்தது. முகப்பெல்லாம் பொன்னிற மொட்டு. ஓரத்தில் கத்தி கொடுத்து நெம்பினேன். மேல் தோல் மாதிரி ஒரு அடுக்கு பெயர்ந்துவந்தது. உள்ளே முழுக்கக் காம்பு, தூள், கருகிக் கட்டிப்போன இலை. மேலே நல்ல இலை தூவி அழுத்துவது அந்தத் தொழிலில் உள்ள வழக்கம்தான், அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் இது மேல்வரிசையில் அல்போன்சாவை அடுக்கி அடியில் வெம்பலைத் தள்ளிவிட்ட நம்மூர் மாம்பழக் கூடை. வட்டின் பின்பக்கக் குழியை ஒட்டி வெள்ளையாகப் பூஞ்சணம் வேறு. முதல் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு இரண்டாவது தண்ணீரில் போட்டும் பூஞ்சை வாடை போகவில்லை. சாறு சேற்றுக் கலங்கல்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். முதல் பதில்: ‘உங்க ஊர்த் தண்ணி சார். தர்மபுரி, கிருஷ்ணகிரி தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தி.’ போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பது நமக்குத் தெரியாத விஷயமா? அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. எங்கள் வீட்டில் டீ போடுவதும் அந்த ஒகேனக்கல் தண்ணீரில்தான். உப்புத் தண்ணீரில் போட்டால் டீ மந்தமாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் சாம்பிளையும் இதே தண்ணீரில்தான் போட்டேன். பூஞ்சணம் தண்ணீரிலிருந்து ஏறி வட்டுக்குள் போய் உட்காராது.

அப்புறம்தான் அந்தப் பேச்சு வந்தது. ‘பால் டீ குடிச்ச நாக்கு சார் உங்களுது. பழைய பூ-அர் புரியறதுக்குப் பழக்கம் பத்தலை. இன்னும் நாலு வட்டு குடிங்க, தெரியும்.’ இவர் தொழிலின் மூலதனமே இந்தப் பேச்சுதான் என்று இப்போது நினைக்கிறேன். வாங்கியவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார். நாலு பேர் முன்னால் ‘ஆமா, அருமையா இருக்கு’ என்றுகூடச் சொல்லிவைப்பார். சரி, நாக்கை ஓரமாக வைத்துவிடுவோம். கண்ணால் பார்க்கிற விஷயங்களே போதும்.

வட்டில் போட்டிருந்த வருஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பூ-அரில் இரண்டு வகை. ஷெங் என்பது பல வருஷம் தானாகப் பழுக்க விடுவது. ஷோ என்பது இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, மூடிவைத்துச் சில வாரங்களில் புளிக்கவைப்பது. ஹாங்காங் பக்கம் பழைய தேயிலைக்குக் கிராக்கி அதிகம்; அந்த ருசியைச் சீக்கிரம் கொண்டுவர வேண்டும் என்பதற்காகவே யுன்னானில், குன்மிங் தேயிலைத் தொழிற்சாலையில், 1973 வாக்கில்தான் இந்த முறை உருவானது. அப்படியிருக்க 1968-இல் யுன்னான் ஷோ வட்டு எங்கிருந்து வரும்? இது போதாதென்று, உறையின் பின்பக்கம் SC என்று தொடங்கும் சீன உணவு உரிம எண் பளிச்சென்று அச்சாகியிருக்கிறது. அந்த முறை அமலுக்கு வந்தது 2015-இல். கேட்டால், ‘பழைய இலையைப் புதுசா அழுத்தினது’ என்கிறார். விளம்பரத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

மல்லி டீ விஷயத்தில் அவர் ஆள் தெரியாமல் மோதிவிட்டார். சீனாவில் மல்லி டீக்குப் போடும் பூ நம் குண்டுமல்லி இனம்தான். இங்கே விடியும் முன்னே பறித்து மார்க்கெட்டுக்கு ஓடுவோம். அங்கே வெயிலேறிய பிறகு, அன்று ராத்திரி விரியப்போகிற மொட்டாகப் பார்த்துப் பறிப்பார்கள். இரவில் பூ விரிய விரியத் தேயிலையோடு கலந்து வைத்து, மணம் ஏறியதும் பூவைச் சலித்து எடுத்துவிடுவார்கள். நல்ல டீயென்றால் இதே வேலை பல சுற்று நடக்கும். அதனால் காய்ந்த பூ நிறையக் கிடந்தால் டீ உசத்தி என்று நம்பாதீர்கள்; பல நேரம் அது அலங்காரம்தான்.

என் அம்மா காவேரிப்பட்டணம் பக்கம் மல்லித் தோட்டத்தில் வளர்ந்தவர். பாக்கெட்டைப் பிரித்ததும் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்: ‘என்னடா சென்ட்டு பாட்டிலைக் கொட்டிட்டியா?’ கிட்டே வந்து முகர்ந்து பார்த்து, ‘இது பூ வாசம் இல்ல. பூ வாசம் இப்படி மூக்கைக் குத்தாது’ என்று முடித்துவிட்டார். முதல் தண்ணீரில் வாசம் தூக்கி அடித்தது. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை, வெறும் துவர்ப்பு. பூவில் ஏற்றிய மணமாக இருந்தால் அடுத்தடுத்த தண்ணீரிலும் மெலிந்து மெலிந்து வரும். எசன்ஸ் தெளித்தது முதல் குவளையோடு சரி.

லோங்ஜிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹாங்சோ மேற்கு ஏரிப் பக்கத்து இலை, சிங்மிங் நாளுக்கு முன் பறித்தது, ‘இந்த வருஷத்துப் புதுசு’ என்று விற்றார். சிங்மிங் வருவது ஏப்ரல் 4 அல்லது 5. அவர் என்னிடம் விற்றதோ பிப்ரவரியில். அப்போது அங்கே பறிப்பே தொடங்கியிருக்காது. வந்தது பழுப்பேறிய உடைசல்.

இதையெல்லாம் குடித்துப் பார்க்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெளிநாட்டு உணவுப் பொருள் எதுவானாலும், இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) கொடுத்த 14 இலக்க உரிம எண் ஆகியவை பாக்கெட்டில் இருக்க வேண்டும். அந்த எண்ணை அதே ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் போட்டால் யாருடையது என்று காட்டும். என் பாக்கெட் எதிலும் அது இல்லை. கடையின் லோகோ ஸ்டிக்கர் மட்டும். தேயிலைக்கு இறக்குமதி வரி 100 சதவீதம். அதைக் கட்டிக் கொண்டுவருகிற ஆள் உரிம எண்ணை ஏன் மறைக்கப்போகிறார்? ஆர்டர் போடுவதற்கு முன் லேபிளின் போட்டோ கேளுங்கள். சாம்பிளில் ஒரு சிட்டிகையை எடுத்துவையுங்கள். வட்டு வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊறப்போட்டு இலையைப் பாருங்கள்.

‘உணவுப் பொருள் திரும்ப எடுக்க மாட்டோம், வழக்கு என்றால் எங்கள் ஊர் கோர்ட்டில்தான்’ என்று பில்லில் அச்சடித்திருக்கிறார். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. 2019 நுகர்வோர் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. நான் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் பதிவு செய்தேன். அதற்குப் பிறகுதான் அவர் குரலே இறங்கியது. பாதிப் பணத்துக்குக் கூப்பன் தருகிறேன் என்றார், அவர் கடையிலேயே செலவழிக்க! வேண்டாம் என்றுவிட்டேன். முழுப் பணம் வராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான்.

1973 கணக்கை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியிருந்தேன். அதற்குப் பதில் வரவில்லை. ஆனால் அவர் பக்கத்தில் அதே வட்டு, அதே போட்டோ, இப்போது 1978 என்று போட்டிருக்கிறது. விலை 6,500-தான்.