ஆர்கேட் பெட்டிக்கு எந்த டிராயர் சேனல்? ஐந்து வருடம் இழுத்துத் தள்ளிய அனுபவம்

எங்கள் ஹாலில் ஷூ ஸ்டாண்டுக்கும் பாத்ரூம் கதவுக்கும் நடுவே ஒரு சந்து. அங்கேதான் 2020 கடைசியில் நானும் எங்கள் தெரு கார்ப்பெண்டர் அண்ணனும் செய்த ஆர்கேட் பெட்டி, அதாவது வீடியோ கேம் கடைகளில் இருக்கும் மெஷின் மாதிரி ஒன்று, நிற்கிறது. 18 மில்லிமீட்டர் பிளைவுட், பழைய மானிட்டர், உள்ளே ராஸ்பெர்ரி பை என்ற குட்டி கம்ப்யூட்டர். எல்லாம் எதற்காக? கேப்காம் 1993-ல் வெளியிட்ட, நம் ஊர் வீடியோ கேம் கடைகளில் ‘முஸ்தபா’ என்று சொன்னால் மட்டுமே தெரியும் அந்த ஒரு விளையாட்டுக்காக. உண்மைப் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்பதே எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் இருக்கும் கண்ட்ரோல் பேனல் வெளியே 9 அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. முதல் வாரத்திலேயே அம்மா இரண்டு முறை இடுப்பில் இடித்துக்கொண்டார். “ஒன்று இது உள்ளே போகட்டும், இல்லை வெளியே போகட்டும்” என்று தீர்ப்பும் வந்துவிட்டது. அப்படித்தான் இரு பக்கமும் சேனல், அதாவது டிராயர் நழுவ மாட்டும் உலோகத் தடம், போட்டு பேனலை டிராயர் மாதிரி உள்ளே தள்ளும் யோசனை பிறந்தது. டிராயர் மாதிரி என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு.

கையிருப்பில் இருந்த ரோலர் சேனலை முதலில் மாட்டினோம். வெள்ளை பெயின்ட் அடித்த தகடு, முனையில் நைலான் சக்கரம், பழைய மேசை டிராயர்களில் பார்த்திருப்பீர்கள். அது முழு நீளத்துக்கும் வெளியே வராது, முக்கால் பங்குதான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முன்பக்கத்தைச் சற்றே தூக்கினால் சக்கரம் தடத்தை விட்டுக் கழன்றுவிடும். துணி வைக்கும் டிராயரை யாரும் மேலே தூக்குவதில்லை. விளையாடும்போது ஜாய்ஸ்டிக்கைப் பிடித்த கை எல்லாத் திசையிலும் இழுக்கும். ஒவ்வொரு குத்துக்கும் ‘டக டக’ என்று ஒரு சத்தம் வேறு. மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை.

அடுத்து சைடன்ஹாம்ஸ் ரோட்டுக்குப் போனேன். பிளைவுட், ஹார்டுவேர் என்றால் சென்னையில் பலரும் போவது அங்கேதான். கேட்டவுடன் கடைக்காரர் டெலஸ்கோபிக் சேனலை எடுத்துப் போட்டார். 45 மில்லிமீட்டர் உயரம், உள்ளே வரிசையாக எஃகுக் குண்டுகள், மூன்று தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் வகை. “35 கிலோ தாங்கும், 45 கிலோ தாங்கும், எது வேண்டும்?” என்றார். என் பேனல் ஒயர், பட்டன் எல்லாம் சேர்த்து 7 கிலோ. 35 போதும் என்று 14 அங்குல ஜோடி ஒன்றை வாங்கி வந்தேன்.

அந்தக் கிலோ கணக்கு எனக்கு உதவவே இல்லை. அது டிராயருக்குள் பரவலாகக் கிடக்கும் எடைக்கு, ஒரு ஜோடிக்குச் சொல்லும் கணக்கு. இங்கேயோ முழுக்க வெளியே இழுத்த பலகையின் நுனியில் ஒருவர் முழங்கையை ஊன்றுகிறார், பக்கத்தில் இன்னொருவர் பட்டனைக் குத்துகிறார். கார்ப்பெண்டர் அண்ணன் ஒரே பார்வையில் சொன்னார்: “தம்பி, இது டிராயர் இல்ல, ஆள் சாயுற திண்ணை. நீளமா சேனல் போட்டு, பாதிதான் இழுக்கணும்.”

அவர் சொன்னது எளிய கணக்கு. எனக்குத் தேவை 9 அங்குல இழுப்பு. 14 அங்குல சேனலில் 9 வெளியே போனால் உள்ளே பிடித்திருப்பது 5 அங்குலம்தான். 18 அங்குலம் என்றால் பாதிக்குப் பாதி. பேனலுக்குப் பின்னால் வெறும் சட்டம் ஒன்றை நீட்டி 18 அங்குல சேனலுக்கு மாற்றினோம். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். முழங்கையை ஊன்றினால் முன்பு நுனி 6 மில்லிமீட்டர் இறங்கும். இப்போது 2. சேனலின் விலையில் நூறு ரூபாய்கூடக் கூடவில்லை.

ஆனாலும் ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. டைனோசர் துரத்தும் நேரம் பார்த்து பேனல் மெல்ல உள்ளே நழுவும். சாதாரண சேனலில் உள்ளே தள்ளியபின் நிற்க ஒரு சிறு பிடிப்பு உண்டு, வெளியே இழுத்த நிலையில் பூட்டு கிடையாது. ஒரு நண்பர் சாஃப்ட் குளோஸ் போடச் சொன்னார். அது கடைசி இரண்டு அங்குலத்தில் மெதுவாக உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு, அவ்வளவுதான். சமையலறைக்கு நல்லது, நமக்குக் காசுக்குக் கேடு.

நமக்கு வேண்டியது இரண்டு முனையிலும் பூட்டிக்கொள்ளும் கனரக சேனல். உயரம் 53 மில்லிமீட்டர், கனம் 19. முன்னால் இருக்கும் நாக்கை அழுத்தினால்தான் அசையும். ஆனால் சாதாரண சேனலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குல இடம் விட்டால் போதும், இதற்கு முக்கால் அங்குலம் வேண்டும். ஏற்கெனவே செய்துவிட்ட பேனலை இரு பக்கமும் கால் அங்குலம் சீவ வேண்டியிருந்தது, சீவினால் ஓரத்து பட்டனின் அடிப்பாகம் இடிக்கும். அதனால் நான் போட்டது இரண்டு 4 அங்குல டவர் போல்ட். சட்டத்தின் அடியில் இடமும் வலமுமாக மாட்டி, பெட்டியின் பக்கப் பலகையில் துளை போட்டுவிட்டேன். பேனலை இழுத்து இரண்டு தாழ்ப்பாளையும் தள்ளினால் பாறை மாதிரி நிற்கும். மூன்றாவது வருடம் பிளைவுட் துளை தேய்ந்து லேசாக ஆட ஆரம்பித்தது. துளைமேல் ஓர் இரும்புத் தகடு வைத்து மூடிய பிறகு அதுவும் இல்லை.

புதிதாகச் செய்கிறவர்கள் வரைபடத்திலேயே முக்கால் அங்குலம் விட்டு, பூட்டுள்ள சேனலையே வாங்குங்கள். பெட்டியைச் செய்து முடித்துவிட்டவர்களுக்கு 18 அங்குல சாதாரண சேனலும் தாழ்ப்பாளும் போதும். கீபோர்டு தட்டுக்கு வரும் மெல்லிய சேனலையோ, எந்த சேனலையும் அடியில் படுக்கவைத்து மாட்டுவதையோ யோசிக்கவே வேண்டாம். படுக்கவைத்தால் தாங்கும் எடை வெகுவாகக் குறைந்துவிடும்.

மாட்டும்போது முதலில் நீளத் துளைகளில் மட்டும் ஸ்குரூ போட்டு, இழுத்துப் பார்த்து, சரி என்றான பிறகு வட்டத் துளைகளை முறுக்குங்கள். ஸ்குரூவின் தலை தகட்டோடு அமுங்காவிட்டால் தினமும் ‘கர்ர்’ என்று கேட்கும். கைப்பிடி நடுவில் ஒன்றே ஒன்று இருக்கட்டும். அகலமான பேனலை ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு சிக்கும்.

பேனலைக் கழற்ற, உள் தகட்டில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் நாக்கை ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் அழுத்த வேண்டும். கழற்றுவது எளிது. திரும்பச் செருகும்போது குண்டுகள் இருக்கும் கூட்டை முன்னுக்கு இழுத்துவிடாமல் ஒருமுறை அவசரமாகத் தள்ளிவிட்டேன். கூடு வளைந்து, மிளகு அளவு எஃகுக் குண்டுகள் தரையெங்கும் ஓடின. ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி சோபா அடியில் துழாவிப் பதினேழைப் பிடித்தேன். கூடு நிமிரவில்லை, புது ஜோடிதான் வாங்கினேன்.

ஒயரையும் சொல்லிவிடுகிறேன். பட்டனை அழுத்துவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் என்கோடர் போர்டை பேனலின் அடியிலேயே வைத்தால் பெட்டிக்குள் போவது இரண்டு யூஎஸ்பி ஒயர் மட்டும்தான். முதலில் போர்டு உள்ளே இருந்தது. நாற்பது சொச்சம் ஒயர் போய்வந்ததில் ஒன்று சேனலுக்குள் மாட்டி நறுக்கென்று அறுந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் நான்கு விரல்கடைத் தண்ணீர். வடிந்த பிறகு பேனல் உள்ளே போகவே இல்லை. சேனல் துருப்பிடித்துவிட்டது என்று நினைத்து துருநீக்கி ஸ்பிரேயை அடித்தேன். அது இருந்த கிரீஸையும் கழுவிக்கொண்டு போனது. காரணம் சேனலில் இல்லை. நான் சிக்கனம் பார்த்து வாங்கிய கமர்ஷியல் பிளைவுட் அடியில் ஊறி ஒரு பக்கம் உப்பி, பெட்டியே முறுக்கிக்கொண்டிருந்தது. சேனல் இரண்டும் இணையாக இல்லை. உப்பிய அடிப்பகுதியை அறுத்துவிட்டு, திருகி உயர்த்தும் கால்கள் நான்கைப் பொருத்தி மட்டம் பார்த்ததும் பழையபடி நழுவியது. அதன்பின் துணியால் துடைத்து வெள்ளை கிரீஸ் கொஞ்சம் தடவுவதோடு சரி, வருடத்துக்கு ஒருமுறை.

இப்போது இடது சேனலில் மட்டும், சரியாகப் பாதி வழியில், ஒரு சின்ன ‘டிக்’ கேட்கிறது. பாத்ரூமுக்குப் போகும்போது அம்மா பேனலை இடுப்பாலேயே உள்ளே தள்ளிவிட்டுப் போகிறார். தாழ்ப்பாளை எடுத்துவிட மறந்தால் மட்டும் எனக்குத் திட்டு விழும்.