கார்டை மாற்றச் சொன்னார்கள், கேபிளை இடம் மாற்றித் தூசி துடைத்தாலே போதுமாம்

தம்பியின் கம்ப்யூட்டரில் வேலரண்ட் என்ற கேம் 40 எஃப்பிஎஸ்கூட (ஒரு நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) தாண்டவில்லை, அரை மணி நேரம் போனால் திக்கித் திக்கி ஆடும். ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு போட்ட மெஷின், இந்த கேமுக்கு அது தாராளம். முதலில் போன கடையில் (பெயர் வேண்டாம்) எதையும் பார்க்காமலே ‘கார்டு பழசு, மாத்திடுங்க’ என்றார்கள்.

அப்புறம் காரைக்குடியிலிருந்து ஒரு சர்வீஸ் அண்ணன் பள்ளத்தூர் வீட்டுக்கே வந்தார். கேபினெட்டைத் திறக்கும் முன்பே பின்னால் எட்டிப் பார்த்துச் சிரித்தார். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இல்லை, மதர்போர்டில் செருகியிருக்கிறது! அதனால் படம் கார்டு வழியே வராமல், இத்தனை நாள் கார்டு சும்மா உட்கார்ந்து கரண்ட் தின்றிருக்கிறது. செருகியது யார் என்று தம்பி இன்னும் வாய் திறக்கவில்லை.

கேபிளைக் கார்டில் மாற்றிச் செருகியும் திக்கல் முழுசாகப் போகவில்லை. முற்றத்து வளவு ஓரமாக வைத்திருந்ததால் ஃபேனில் தூசி அப்பி, பிராசஸர் மேலிருந்த தெர்மல் பேஸ்டும் (சூட்டைக் கடத்தி வெளியேற்ற உதவும் பசை) காய்ந்து, சூடு 97 டிகிரி வரை போயிருக்கிறது. அவ்வளவு சூடானால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். துடைத்துப் புது பேஸ்ட் வைத்ததும் 72-க்கு இறங்கியது. இன்னொரு 8 ஜிபி ராம் போட்டால் டூயல் சேனலில் (இரண்டு ராமும் ஒரே நேரத்தில் சேர்ந்து) ஓடும், இன்னும் நல்லது, ஆனால் அவசரமில்லை என்றார். விற்கப் பார்க்காத அந்த ஒரு சொல்லுக்கே 600 ரூபாய் தகும்.

குறை ஒன்றுதான். காலை 11 மணிக்கு வருகிறேன் என்றவர் வந்தது நாலரைக்கு, நடுவில் போனையும் எடுக்கவில்லை.