அம்மாவின் தோள்பட்டைக்குப் போன பிசியோ கிளினிக்

மதுரை எஸ்.எஸ். காலனியில், மாடியில் நடக்கும் சின்ன பிசியோ கிளினிக் இது. அம்மாவுக்கு வயது 58, நாள்பட்ட சுகர். கொண்டை போடக் கை எழும்பவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் முடியவில்லை. எலும்பு டாக்டர் ஃப்ரோஸன் ஷோல்டர் என்றார்.

இதற்கு முன் போன இடத்தில் தோளில் கரண்ட் வைத்துப் படுக்கப் போட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். இங்கே பிசியோ அம்மாவையே கையைத் தூக்கச் சொன்னார், பிறகு தானே பிடித்துத் தூக்கிப் பார்த்தார். இரண்டு முறையும் கை ஒரே இடத்தில் நின்றது. "தசை கிழிஞ்சிருந்தா நான் தூக்கும்போது இன்னும் மேல போயிருக்கும்மா. இது மூட்டைச் சுத்தி இருக்கிற உறை தடிச்சு இறுகிப்போனது. சுகர் இருக்கிறவங்களுக்கு அதிகமா வரும்" என்று பொறுமையாக விளக்கினார். மூட்டு எவ்வளவு தூரம் அசைகிறது என்று கோணத்தில் காட்டும் கோனியோமீட்டர் வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஒத்தடம் கொஞ்ச நேரம்தான். மற்றபடி எல்லாம் பயிற்சி: குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது, துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுப்பது, சுவரில் விரலால் ஏறுவது. எட்டிய இடத்தில் பென்சில் கோடு போட்டு, வீட்டுச் சுவரிலும் அப்படியே செய்யச் சொன்னார். எங்கள் சமையலறைச் சுவரில் அந்தக் கோடுகள் வரிசையாக ஏறியிருக்கின்றன. இப்போது அம்மா தானே கொண்டை போட்டுக்கொள்கிறார். முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்துச் செருகத்தான் இன்னும் கை போகவில்லை. அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பொய் நம்பிக்கை தராதது எனக்குப் பிடித்திருந்தது.

பிசியோ என்றால் மூட்டுவலிக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் அங்கே மேஜைமேல் கிடக்கும் நாணயத்தை விரலால் பொறுக்கப் பழகுகிறார். முகவாதம் வந்தவர்களும், மூட்டு மாற்று ஆபரேஷன் முடித்தவர்களும் வருகிறார்கள். அதனாலேயே லிஃப்ட் இல்லாதது பெரிய குறை. மூட்டு வலியோடு வருபவர் படியேறும்போது பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஒரு அறையாவது எடுக்க வேண்டும்.

ஒரு தடவைக்கு 400 ரூபாய். அது முடியாதவர்களும், படுக்கையை விட்டு எழ முடியாதவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள். தோளுக்குப் போகிற பெண்கள் இறுக்கமான ரவிக்கை வேண்டாம், தளர்வான சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள்.