பிரான்ஸ் துறைமுகங்களில் சொந்தமாக ஊர் சுற்றுவது: கேங்வேயிலிருந்து கேட் வரைக்கும்தான் பெரும்பாடு

மே மாத உல்லாசக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்த நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: “அட்டவணையில் பாரிஸ் என்று போட்டிருக்கிறார்கள். காலை ஏழுக்கு வந்து ராத்திரி எட்டுக்குத்தான் கிளம்புகிறது. கப்பல்காரர்களின் டூர் விலை தாங்காது, நாமே ரயில் ஏறி ஈஃபில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமில்லையா?” சில வருஷங்களாகப் பிரான்ஸில் நிற்கும் கப்பல்களில் போய்க்கொண்டிருக்கிறோம், பெரும்பாலும் டூர் எடுக்காமல் நாங்களே இறங்கிச் சுற்றுகிறோம் என்பதால் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். எந்தக் கப்பல், எந்த அறை, சாப்பாடு எப்படி என்பதெல்லாம் இதில் வராது.

பாரிஸுக்குக் கடல் கிடையாது. கப்பல் நிற்பது லு ஹாவ்ரில், அங்கிருந்து பாரிஸ் ஏறக்குறைய 200 கி.மீ. ஏழு மணிக்குக் கப்பலைக் கரையில் கட்டினாலும் எட்டுக்கு முன்னால் வெளியே வருவது கஷ்டம், ரயில் நிலையம் போய்ச் சேர இன்னும் அரை மணிக்கு மேல் ஆகும், அங்கிருந்து பாரிஸ் சேன் லாசர் நிலையத்துக்கு இரண்டேகால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பதினொன்று, பதினொன்றரை ஆகிவிடும். எட்டுக்குக் கிளம்பும் கப்பலுக்கு ஏழரைக்குள் ஏறியிருக்க வேண்டும், ஒரு ரயில் தாமதமானாலும் தாங்குகிற மாதிரி ஆறு மணிக்கே லு ஹாவ்ரில் இருக்க நினைத்தால் மூன்றரை வாக்கில் பாரிஸை விட்டாக வேண்டும். கையில் மிஞ்சுவது நாலு மணி நேரம், அதிலும் மெட்ரோ, பாதுகாப்புச் சோதனை, லிஃப்ட் வரிசை. கப்பல்காரர்கள் நடத்தும் டூர் பஸ் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நமக்காக நிற்காது, அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். பாரிஸை வாழ்க்கையில் முதல் தடவை பார்க்கப் போகிறவர் இப்படிப் பார்க்க வேண்டாம் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

தூரத்தையாவது கணக்குப் போட்டுச் சமாளித்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சல் மூட்டுவது கேங்வேக்கும் (கப்பலிலிருந்து இறங்கும் பாலம்) துறைமுக கேட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச தூரம்தான். மார்செய் என்றதும் வியூ போர் படகுத்துறையும் மேலே குன்றில் நோத்ர் தாம் த லா கார்ட் தேவாலயமும் கண் முன்னால் வரும், ஆனால் பெரிய கப்பல்கள் நிற்பது நகரத்துக்கு வடக்கே, அங்கிருந்து 8 கி.மீ. போல. சுற்றிலும் சரக்குத் துறைமுகம், கன்டெய்னர், லாரி. போனில் வரைபடத்தைத் திறந்தால் நேராக நடந்து போ என்று வழி காட்டும், அந்த வழியில் காலால் நடக்க அனுமதியே இல்லை. கப்பலின் டூர் மேஜையில் போய் “நகரப் பேருந்து இருக்கிறதா?” என்று கேட்டேன். “இல்லை, எங்கள் ஷட்டில் அல்லது டாக்ஸி” என்றார்கள், முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். இருக்கிறது. தரையில் பச்சைக் கோடு போட்டிருந்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நாலாம் நம்பர் கேட், அதற்கு வெளியே 35ஆம் நம்பர் பஸ், அது நகரத்துக்குள் இருக்கும் ஜோலியெட் பகுதிக்குப் போகிறது, அங்கே மெட்ரோவும் உண்டு, நடந்தே முசெம் அருங்காட்சியகத்துக்கும் போய்விடலாம். இதைத் துண்டுச் சீட்டில் நாலு வரி அடித்துக் கொடுக்க என்ன செலவாகும்? தெரியாமல் சொன்னார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. வாரா வாரம் அதே இடத்தில் நிற்கிற கப்பல் அது.

லா ரொஷேலிலும் இதே கதைதான். படத்தில் காட்டுவது பழைய துறைமுகத்தையும் அதன் கோபுரங்களையும், கப்பல் நிற்பது லா பாலீஸில், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் நீர்மூழ்கிகளுக்காகக் கட்டிய கான்கிரீட் கொட்டகை இன்னும் அப்படியே நிற்கிற சரக்குத் துறைமுகத்தில். ஊருக்குள் போக வண்டி இல்லாமல் முடியாது. துலோன் என்று சீட்டில் இருக்கும், போய்ப் பார்த்தால் வளைகுடாவின் எதிர்க்கரையில் லா சேனில் இறக்கிவிடுவார்கள். ஆனால் அது எனக்குப் பிடித்த ஏமாற்றம், ஏனென்றால் அங்கிருந்து நகரப் போக்குவரத்தின் படகு துலோனுக்கு ஓடுகிறது, கடற்படைக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே போய் இறங்கலாம். ஆகவே ஊர் பெயரை விட்டுவிட்டு எந்தப் படகுத்துறை, எந்த கேட் என்று துறைமுகத்தின் சொந்த இணையதளத்தில் பாருங்கள். கப்பல் வருகைப் பட்டியலை அவர்களே போடுகிறார்கள்.

இப்போது மனதார ஒன்றைப் பாராட்ட வேண்டும், அது வில்ஃபிரான்ஷ்-சூர்-மேர். ஆழமான வளைகுடா, கப்பல் நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும், டெண்டர் என்னும் சிறு படகில் கரைக்கு வருகிறோம், இறங்கிய இடத்திலேயே பழைய ஊர். மீனவர்களின் சேன் பியேர் சிற்றாலயம் பக்கத்திலேயே இருக்கிறது, 1957இல் ழான் கொக்தோ உள்ளே சுவர் முழுக்க ஓவியம் வரைந்தது. அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால், கடற்கரைக்கு மேலே, ரயில் நிலையம். ஒரு பக்கம் ஏழெட்டு நிமிஷத்தில் நீஸ், மறுபக்கம் கால் மணியில் மொனாக்கோ. சுரங்கங்கள் போக, பாதை பெரும்பாலும் கடலை ஒட்டித்தான். காலையில் நீஸின் கூர் சலேயா சந்தை, மத்தியானம் மொனாக்கோ, சாயங்காலம் திரும்பி வந்து வில்ஃபிரான்ஷ் கடலில் கால் நனைப்பது, இவ்வளவும் சில யூரோ ரயில் டிக்கெட்டில். டூருக்குக் கொடுக்கும் பணத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: எஸ் கிராமத்தைப் பார்க்க எஸ்-சூர்-மேர் நிலையத்தில் இறங்கினால் கிராமம் 400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும், வெயிலில் அந்த மலைப்பாதையைப் பெரியவர்களோடு ஏற முடியாது. பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

டெண்டரிலும் ஒரு கடுப்பு இருக்கிறது. டூர் வாங்கியவர்களை முதலில் இறக்குவார்கள், மற்றவர்கள் நம்பர் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். எட்டு மணிக்கு வந்த கப்பலிலிருந்து பத்துக்குத்தான் கரைக்குப் போகிறோம் என்றால் பாதி காலை போயிற்று. திரும்பும்போது கணக்கு கப்பல் கிளம்பும் நேரத்துக்கு இல்லை, கடைசி டெண்டருக்குத்தான். காற்று அடித்தால் நிறுத்தத்தையே ரத்து செய்துவிடுவார்கள், முன்பணம் கட்டிய டிக்கெட் எல்லாம் போச்சு. அதனால் டெண்டர் ஊர்களில் நான் எதையும் முன்பதிவு செய்வதில்லை.

ரயிலை நம்புகிறவர்கள் வேலைநிறுத்தத்தையும் நம்பித்தான் ஆக வேண்டும். இதில் பிரான்ஸில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, ரயில் சேவைக்குத் தேவையான ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் சேரப் போவதை 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும், எந்த ரயில் ஓடும் என்பதைப் பயணிகளுக்கு முந்தின நாளே சொல்லியாக வேண்டும். பிரான்ஸின் ரயில் நிறுவனமான எஸ்.என்.சி.எஃப். வழக்கமாக முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதை வெளியிட்டுவிடுகிறது. கப்பல் வைஃபைக்குக் காசு கொடுப்பது இந்த ஒரு வேலைக்காகவாவது நியாயம். மே மாதம் போகிறவர்கள் மே 1ஐக் கட்டாயம் பாருங்கள், பல ஊர்களில் பஸ், டிராம் ஓடவே ஓடாது. மே 8 விடுமுறை, அந்த மாதத்தை ஒட்டியே விண்ணேற்ற வியாழனும் வரும். அப்புறம் லூவ்ர் செவ்வாய்க்கிழமை விடுமுறை, நகராட்சி அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமை விடுமுறை. மத்தியானம் இரண்டு மணிக்குமேல் சிற்றூர்களில் உணவகத்துச் சமையலறை மூடிவிடும், மூன்று மணிக்குப் பசியோடு போனால் பேக்கரி ரொட்டிதான். சைவம் சாப்பிடுகிறவர்கள் காலையிலேயே சந்தையில் பழமும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொள்வது உத்தமம்.

சரி, பாரிஸ் வேண்டாமென்றால் லு ஹாவ்ரில் என்ன செய்வது? அந்த ஊரிலேயே இருங்கள். 1944இல் குண்டுவீச்சில் தரைமட்டமான ஊர், ஒகுஸ்த் பெரே என்ற கட்டடக்கலைஞர் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியது, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறம், எங்கள் வீட்டில் முதலில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். சேன் ஜோசஃப் தேவாலயத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தபோது ஒருவரும் பேசவில்லை. 107 மீட்டர் கோபுரம், 12,000க்கு மேற்பட்ட வண்ணக் கண்ணாடித் துண்டுகள், வெயில் நகர நகர உள்ளே நிறம் மாறுகிறது. கட்டணம் கிடையாது. துறைமுக வாசலில் மூமா அருங்காட்சியகம், ஓவியர் மோனே சிறுவனாக வளர்ந்த ஊர் இது, இம்ப்ரெஷனிசம் என்ற பெயருக்கே காரணமான சூரியோதய ஓவியத்தை 1872இல் வரைந்ததும் இந்தத் துறைமுகத்தைப் பார்த்துத்தான். நேரம் இருந்தால் பஸ்ஸில் எத்ரதாவின் வெள்ளைப் பாறைகள், அல்லது நார்மண்டி பாலம் தாண்டி ஒன்ஃப்ளூர். இரண்டையும் ஒரே நாளில் போடாதீர்கள்.

செர்பூர் வந்தால் கவலையே வேண்டாம், கப்பலை விட்டு இறங்கினால் 1933இல் திறந்த அட்லாண்டிக் கப்பல் நிலையம், இப்போது அதற்குள் சித்தே த லா மேர் அருங்காட்சியகம், பக்கத்தில் உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய லு ரெதூத்தாப்ளு அணுசக்தி நீர்மூழ்கி. 1912 ஏப்ரல் 10 அன்று டைட்டானிக் இந்தத் துறைமுகத்தில்தான் நின்றது, பயணிகளை டெண்டர் கப்பலில் கொண்டுபோய் ஏற்றினார்கள்.

இவ்வளவு சொன்னபிறகும், கப்பலிலிருந்து சொந்தமாக இறங்கிச் சுற்றும் இந்த அனுபவத்துக்கு மொத்தமாக மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். ஊர்களுக்கு ஐந்து, ரயிலுக்கு நாலு கொடுக்கலாம், ஆனாலும் இரண்டுதான். மார்செய் மேஜையில் கேட்ட அந்த “இல்லை” இன்னும் எனக்கு ஆறவில்லை. நண்பரின் அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது, முழங்கால் வலி வேறு. அவர்கள் லு ஹாவ்ருக்குக் கப்பலின் ஒன்ஃப்ளூர் டூரையே வாங்கட்டும் என்று சொல்லிவிட்டேன். எங்களுக்கு என்றால் டூர் வாங்க மாட்டேன், எவ்வளவு விலை குறைத்தாலும்.